தெரியாது டொக்டர்

அந்தப் பெயரை அவருக்கு வைத்தது யார் என்று எனக்கு இப்போது நினைவில்லை. எங்கள் மிருக வைத்தியக் கந்தோரின் சாரதியாக இருக்கலாம், மருந்துக்கு வந்து காத்திருந்த யாராவது கமக்காரராகவும் இருக்கலாம். அவர் வேலைக்கு வந்த இரண்டாவது மாதமே திருகோணமலைத் துறைமுகப் பக்கத்திலிருந்து கிண்ணியா வரைக்கும் அந்தப் பெயர் பரவிவிட்டது. மாட்டுக்காரர் வாசலில் வந்து நின்று, "தெரியாது டொக்டர் நிக்கிறாவோ?" என்று என்னிடமே கேட்பார்கள். உள்ளே இருக்கிற அவருக்கும் அது கேட்கும். "ஓம், நிக்கிறன், வாங்கோ" என்று அவரே பதில் சொல்வார்.

எழுபதுகளின் நடுப்பகுதி. நான் அங்கே தட்டெழுத்தாளராக இருந்தேன். அவர் என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், யாழ்ப்பாணத்துக்காரி. எங்கள் கந்தோருக்கு வந்த முதலாவது பெண் வைத்தியர். சேலையை முழங்காலுக்குக் கீழ்வரை தூக்கிச் செருகி, ஆம்பிளைகளுக்குச் செய்த றப்பர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு மாட்டுத் தொழுவத்துக்குள் இறங்குவார். அவரைப் பார்க்கவென்றே வேலிக்கு அப்பால் ஆட்கள் கூடுவார்கள். தேத்தண்ணிக்குச் சீனி போடமாட்டார். ஒரு கடி சர்க்கரையை வாயில் ஒதுக்கி வைத்துக்கொண்டு குடிப்பார். என் அம்மா ஒருநாள் அவரை வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டு, "ஏன் பிள்ளை இன்னும் கலியாணம் செய்யேல்லை?" என்று கேட்டபோது, அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தி உண்மையாகவே யோசித்தார். பிறகு, "தெரியாது அன்ரி" என்றார். அம்மா அவர் போன பிறகு, "நல்ல பிள்ளை, ஆனா கதைக்கத் தெரியாது" என்று மட்டும் சொன்னார்.

கந்தோரின் பின்னறையில் இடுப்பளவு உயரத்தில் ஒரு அலுமினியப் பாத்திரம் நின்றது. வீட்டில் தேத்தண்ணி ஊற்றி வைக்கும் பிளாஸ்க்கைப் பெருப்பித்தால் எப்படி இருக்கும், அப்படி. இரட்டைச் சுவர், நடுவில் காற்றை உறிஞ்சி எடுத்த வெற்றிடம். வயிறு அகலம், கழுத்து ஒடுக்கம். கழுத்தில் தக்கை மாதிரி ஒரு மூடி சும்மா குந்தியிருக்கும், அதை இறுக்கக் கூடாது. உள்ளே திரவ நைதரசன். அந்தக் குளிருக்குள் நல்ல சாதிக் காளைகளின் விந்து சின்னச் சின்னக் குழாய்களில் உறைந்து கிடக்கும். அதை ஊர்ப் பசுக்களுக்கு ஊசி மாதிரி ஏற்றுவோம். பிறக்கிற கன்று வளர்ந்து கூடுதலாகப் பால் தரும் என்பது திட்டம். மூடியைத் திறந்தால் வெள்ளைப் புகை கழுத்தால் வழிந்து நிலத்தில் ஓடும். அதனால் எல்லோரும் அதைப் புகைப் பிளாஸ்க் என்றார்கள்.

அது சத்தம் போடும். லொறி வந்து நைதரசன் ஊற்றுகிற நாளில் சோற்றுப் பானை மாதிரிக் கொதிக்கும். பிறகு அடங்கி, நித்திரை கொள்ளுகிற ஆள் மூச்சு விடுவது போல மெல்ல இரைந்துகொண்டிருக்கும். சிலவேளை மூடி தானாக எழும்பி, 'டொக்' என்று திரும்பக் குந்தும். இதற்கெல்லாம் நாங்கள் பழகிப்போயிருந்தோம். அவர் வந்த காலத்தில்தான் புதிதாக ஒன்று தொடங்கியது. மத்தியானத்துக்குப் பிறகு, கடல் காற்று யன்னலால் வரத் தொடங்க, பிளாஸ்க் மெல்லியதாக விசிலடித்தது. ஒரு குருவி தூரத்தில் நின்று ஒரே சுருதியில் இழுப்பது போல. கொஞ்ச நேரத்தில் நிற்கும், பிறகு தொடங்கும்.

கந்தோரில் ஆளுக்கொரு விளக்கம் இருந்தது. சாரதி, எங்கேயோ ஓட்டை என்றார். எங்கள் பியோன் சின்னத்தம்பி அண்ணை, வெள்ளைக்காரன் காலத்தில் கடற்படைத் தளத்தில் வேலை செய்தவர், இந்தக் கட்டடத்தில் அந்தக் காலத்தில் ஒரு மாலுமி செத்தவன் என்றார். கந்தோருக்குத் தலைவரான பெரிய டொக்டர், தன் அறையிலிருந்து எழும்பாமலே, "அது நோர்மல்" என்றார். அவரிடம் எதற்கும் ஒரு பதில் இருக்கும். மழை எப்போது வரும் என்றாலும் சொல்வார்.

இவர் மட்டும் பிளாஸ்க்குக்குப் பக்கத்தில் குந்தி, கழுத்துக்குக் கிட்டக் காதை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் இருந்தார்.

"என்ன மிஸ் அது?" என்று கேட்டேன்.

"தெரியாது" என்றார். அதைச் சொல்வதில் அவருக்கு வெட்கமோ கவலையோ இல்லை. இது மேசை என்பது போலச் சொன்னார்.

எனக்கு அது பிடித்திருந்தது என்று சொல்லமாட்டேன். சாம்பல்தீவில் ஒரு குடும்பத்தின் ஒரே பசு காய்ச்சலில் படுத்துவிட்டது. நானும் அன்று அவரோடு ஜீப்பில் போயிருந்தேன். அவர் ஊசி போட்டு, வயிற்றில் காதை வைத்துக் கேட்டு, கண்மடலை இழுத்துப் பார்த்தார். வீட்டுக்கார மனிசி, "டொக்டர் அம்மா, தப்புமோ?" என்று கேட்டாள்.

"தெரியாது. ரெண்டு நாள் பாப்பம். நாளைக்கு வாறன்."

"தப்பும் எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோவன்."

"தெரியாமல் எப்பிடிச் சொல்லுறது?"

அடுத்த நாள் மருந்தோடு போனபோது தொழுவம் வெறுமையாக இருந்தது. மனிசியின் புருஷன் முதல் நாள் பின்னேரமே மாட்டை இறைச்சிக்கு விற்றுவிட்டான். டொக்டருக்கே தெரியாதாம், பிறகு என்னத்துக்குப் பாத்துக்கொண்டிருக்க வேணும் என்று கேட்டானாம். மனிசி எங்களுக்கு முன்னால் நின்று அழுதாள். திரும்பி வரும்போது ஜீப்பில் நான் கோபமாகவே கேட்டேன்: "தப்பும் எண்டு சொல்லியிருந்தா என்ன மிஸ்? அவையள் வச்சிருந்திருப்பினம்தானே?"

"ஓம். வச்சிருந்திருப்பினம்."

"அந்த மாடு தப்பியிருக்குமோ?"

அவர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எதிர்பார்த்த பதிலைத்தான் சொன்னார். ஆனால் அன்றைக்கு மத்தியானம் அவர் சாப்பிடவில்லை. கொண்டுவந்த சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே கொண்டுபோனார்.

கிண்ணியாக் கதை வேறு மாதிரி. அந்தக் காலத்தில் அங்கே போக, வாகனங்களையும் ஆட்களையும் சேர்த்து ஏற்றி அக்கரை சேர்க்கும் ஒரு பெரிய மிதவை இருந்தது. 'பாதை' என்று சொல்லுவோம். அவர் வெளியூருக்குப் போகும்போது பெரிய பிளாஸ்க்கிலிருந்து கொஞ்சத்தைச் சின்னப் பிளாஸ்க் ஒன்றுக்கு மாற்றி, அதைக் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு போவார். ஒருநாள் நாங்கள் பாதையில் ஏறி, அது வெளிக்கிட ஆயத்தமாக நிற்கும்போது, சின்னப் பிளாஸ்க் விசிலடிக்கத் தொடங்கியது. கழுத்தால் புகையும் வந்தது. பக்கத்தில் நின்றவர்கள் விலகினார்கள். விலகியவர்களைப் பார்த்து மற்றவர்களும் விலகினார்கள். பாதை ஒரு பக்கம் சரிந்தது.

"என்ன சாமான் அது? வெடிக்குமா?" என்று ஒரு ஆள் கேட்டார். தொப்பி போட்ட, நரைத்த தாடிக்காரர். கையில் ஒரு கட்டு வைக்கோல் கயிறு.

"மாட்டு மருந்து. ஏன் சத்தம் போடுது எண்டு எனக்குத் தெரியாது" என்றார் இவர்.

"தெரியாத சாமான ஏன் புள்ள சனத்துக்கு நடுவில ஏத்தின நீங்க?"

நான் சண்டை பிடிக்கத் தயாரானேன். இவர் அந்த மனிசரை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "நீங்கள் கேக்கிறது சரி" என்று பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு கரைக்கு இறங்கிவிட்டார். நானும் பின்னால் இறங்கினேன். பாதை எங்களை விட்டுவிட்டுப் போனது. வெயிலில், ஆட்களுக்குத் தூரமாக, பிளாஸ்க்கை மணலில் வைத்து அவர் குந்தினார். மூடியைச் சுற்றி வெள்ளையாகப் பனி பிடித்திருந்தது. சேலைத் தலைப்பால் அதைத் துடைத்து, மூடியை மெல்லத் திருப்பினார். விசிலின் சுருதி மாறியது. இன்னும் துடைத்தார். சத்தம் தடித்து, இரைச்சலாகி, பிறகு வழக்கமான மூச்சுக்கு வந்தது.

"கடல் காத்தில இருக்கிற ஈரம் கழுத்தில உறையுது போல. வழி ஒடுங்க ஒடுங்க விசிலடிக்குது. புல்லாங்குழல் மாதிரி" என்றார். பிறகு, "நிச்சயமாத் தெரியாது" என்றும் சேர்த்தார்.

அடுத்த பாதையில் போனோம். ஊசி போட வேண்டிய மாடு அந்தத் தாடிக்காரருடையதாகவே இருந்தது. அசனார் காக்கா என்று ஊரில் சொல்லுவார்கள், காக்கா என்றால் அங்கே அண்ணன். அவருக்கு எங்களைக் கண்டதும் ஒரு மாதிரியாகப் போய்விட்டது. அதை மறைக்க அதட்டலாகக் கேட்டார்: "ஊசி போட்டாக் கட்டாயம் சினைப்படுமா?"

"தெரியாது காக்கா."

"இதுக்கு முந்தி வந்த டொக்டர் கட்டாயம் எண்டவரு."

"சினைப்பட்டதோ?"

அசனார் காக்கா மாடு கால் உதறாமல் பிடிப்பதில் மும்முரமானார். ஊசி போட்டுக் கை கழுவிய பிறகு இவர் சொன்னார்: "மூண்டு கிழமையால வந்து பாப்பன். பிடிக்காட்டி இன்னொருக்காப் போடுவம்." இருபத்தோராம் நாள் அப்படியே போனார். பிடித்திருக்கவில்லை. இரண்டாம் முறை போட்டார். அதுவும் பிடிக்கவில்லை. மூன்றாம் முறை போனபோது அசனார் காக்காவின் மனைவி எங்களுக்குப் பிளேன் ரீயும் வட்டிலாப்பமும் தந்தார். கடைசியில் மாடு சினைப்பட்டது. கிடேரிக் கன்று. சினைப்பட்டது தெரிந்த நாளிலிருந்தே அசனார் காக்கா அவரை "டொக்டர் மகள்" என்றுதான் கூப்பிட்டார். தெரியாது டொக்டர் என்று அவருக்கு முன்னால் யாராவது சொன்னால், "நீ வாய மூடு" என்பார்.

பாதையில் விசிலடித்த அன்றே, கந்தோருக்குத் திரும்பி வந்ததும் இவர் பெரிய பிளாஸ்க்கை யன்னலுக்குத் தூரமாகத் தள்ளி வைத்தார். கழுத்தை உலர்ந்த துணியால் துடைத்து வைக்கும்படி சின்னத்தம்பி அண்ணையிடம் சொன்னார். அண்ணை அதை ஒரு பெரிய பொறுப்பாக எடுத்துக்கொண்டார். காலையும் மத்தியானமும் பின்னேரமும் துடைப்பார். பெண்சாதி இறந்து, பிள்ளைகளும் இல்லாத மனிசன். பிளாஸ்க்கோடு கதைப்பார் என்று நாங்கள் பகிடி பண்ணுவோம். விசில் குறைந்தது. பெரிய டொக்டர், "நான் அப்பவே சொன்னனான், அது நோர்மல்" என்றார்.

அந்த வருஷத்து வாணி விழா வந்தது. எங்கள் கந்தோரில் எல்லோரும் சேர்ந்து செய்யும் விசேஷம் அது ஒன்றுதான். ஆயுத பூசை நாளில் பின்னறையைக் கழுவி, சரஸ்வதி படத்தை வைத்து, அதற்கு முன்னால் எங்கள் ஆயுதங்களையெல்லாம் அடுக்கினோம். என் தட்டச்சு இயந்திரம், கத்தரிக்கோல்கள், ஊசிகள், ஜீப்பை ஸ்டார்ட் செய்யும் திறப்பு. நடுவில் புகைப் பிளாஸ்க். முதல் நாள்தான் லொறி வந்து நைதரசன் நிரப்பியிருந்தது. சின்னத்தம்பி அண்ணை குளித்து, விபூதி பூசி, பிளாஸ்க்குக்குச் சந்தனம் வைத்தார். மஞ்சள் தண்ணீரில் நனைத்த ஒரு துணியை மூடியோடு சேர்த்துக் கழுத்தில் சுற்றி, இறுக்கிக் கட்டினார். அதற்குமேல் செவ்வரத்தம் பூமாலை. கோயிலில் கும்பத்துக்குக் கட்டுவது போல அழகாக இருந்தது. நாங்கள் எல்லோரும் பார்த்தோம். இவரும் பார்த்தார். "வடிவாய் இருக்கு அண்ணை" என்றுகூடச் சொன்னார்.

ஆட்கள் நிறைய. கந்தோர்க்காரர், அவர்களுடைய பெண்சாதி பிள்ளைகள், பக்கத்துக் கந்தோர்களில் இருந்து வந்தவர்கள். மருந்தெடுக்க வந்த அசனார் காக்கா, பூசை முடியட்டும் என்று விறாந்தையில் இருந்தார். ஐயர் பூசையைத் தொடங்கினார். நடுவில், மணியடிக்கும்போது, பிளாஸ்க் விசிலடிக்கத் தொடங்கியது. முன்பு கேட்டதைவிட உரத்து, நல்ல சுருதியாக. மணிச் சத்தத்தோடு அது சேர்ந்தபோது என் உடம்பு புல்லரித்தது. சில பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். "சரஸ்வதி வந்திட்டா" என்று யாரோ சொன்னார்கள். சின்னத்தம்பி அண்ணையின் கண்ணில் தண்ணீர்.

விசில் மெலிந்து மெலிந்து, மேலே மேலே போய், நின்றது.

பிறகு ஒரு சத்தமும் இல்லை. வழக்கமான மூச்சும் இல்லை. பூசை நடந்துகொண்டிருந்தது, ஆகவே அதை யாரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தது இவர் எழும்பியதால்தான். ஆட்களை விலக்கிக்கொண்டு முன்னால் போய், பிளாஸ்க்கின் கழுத்தில் கட்டியிருந்த துணியைத் தொட்டார். முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். விரலை உதறினார். துணி பலகை மாதிரி விறைத்திருந்ததாகப் பிறகு சொன்னார்.

திரும்பி, "எல்லாரும் வெளியில போங்கோ" என்றார்.

ஐயர் மணியை நிறுத்தினார். பெரிய டொக்டர் முன்வரிசைக் கதிரையிலிருந்து, "என்ன நடந்தது?" என்றார்.

"சத்தம் நிண்டிட்டுது."

"நிண்டா நல்லதுதானே?"

"ஏன் நிண்டது எண்டு தெரியாது. துணி உறைஞ்சு கழுத்தை அடைச்சிருக்கலாம். அடைச்சிருந்தா உள்ளுக்கு அமுக்கம் ஏறும்."

"அடைச்சிருக்கோ, இல்லையோ?"

"தெரியாது."

"தெரியாமல் ஏன் சனத்தைக் குழப்புறீர்? பூசை முடியட்டும்."

"தெரியாதபடியால்தான் சொல்லுறன், சேர். எழும்புங்கோ."

ஒருவரும் அசையவில்லை. பூசையின் நடுவில், தீபாராதனைக்கு முன், ஒரு பெண் எழும்பி எல்லோரையும் போகச் சொல்கிறாள், காரணம் கேட்டால் தெரியாது என்கிறாள். நானும் எழும்பவில்லை. அவருக்காக வெட்கப்பட்டேன் என்பதுதான் உண்மை. அந்த நேரம் விறாந்தையிலிருந்து அசனார் காக்காவின் குரல் கேட்டது.

"டொக்டர் மகள் சொல்லுறாங்கதானே! எழும்புங்க! அவங்க தெரியும் எண்டு சொன்னா இருங்க, தெரியாது எண்டு சொன்னா எழும்புங்க!"

சொல்லிக்கொண்டே வாசலால் உள்ளே வந்து, கைக்கெட்டிய இரண்டு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். பிள்ளைகளின் தாய்மார் பின்னால் ஓடினார்கள். அதோடு எல்லோரும் எழும்பினோம். ஐயர் வந்தார். முகத்தைச் சுழித்துக்கொண்டு பெரிய டொக்டரும் வந்தார். முற்றத்தில் நின்று திரும்பிப் பார்த்தேன். இவர் வரவில்லை. யன்னலால் பார்த்தபோது, ஆட்களுக்குக் கொடுக்க வைத்திருந்த தேத்தண்ணிக் கேத்திலைத் தூக்கி, கையை நீட்டித் தூர நின்றபடி, சுடச்சுடத் தேத்தண்ணியை அந்தத் துணியில் ஊற்றிக்கொண்டிருந்தார். பூமாலை அவிந்து தொங்கியது.

அப்போது சின்னத்தம்பி அண்ணை என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார். "படம்! சரஸ்வதி படம் உள்ளுக்க!" என்றார். இவர் அவரைக் கண்டு, "போங்கோ அண்ணை, வெளியில போங்கோ!" என்று கத்தத் திரும்பினார்.

வெடித்தது.

பீரங்கிச் சத்தம் என்று எழுதலாம், ஆனால் நான் பீரங்கி கேட்டதில்லை. ஒரு பெரிய கதவை முகத்தில் அடித்துச் சாத்தியது போல இருந்தது. மூடி கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. யன்னல் கண்ணாடி எல்லாம் உதிர்ந்தது. அறை முழுக்க வெள்ளைப் புகை. குத்துவிளக்கு விழுந்து உருளும் சத்தம் கேட்டது, ஆளைக் காணவில்லை. அந்தப் புகை நஞ்சில்லை என்று எனக்குத் தெரியும், ஆனால் அதற்குள் மூச்சு விடக் காற்றும் இல்லை என்று அவர் முன்பு சொல்லியிருந்தார். நான் வாசலில் நின்று பேரைச் சொல்லிக் கத்தினேன். அவர் பெயரை நான் சொல்லிக் கூப்பிட்டது அந்த ஒரு முறைதான்.

புகைக்குள்ளிருந்து முதலில் அவருடைய முதுகு வந்தது. குனிந்து, பின்பக்கமாக அடியெடுத்து, சின்னத்தம்பி அண்ணையின் வேட்டியையும் கையையும் சேர்த்துப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். வாசற்படியில் அவரால் ஏலாமல் போக, அசனார் காக்கா வாயைச் சால்வையால் பொத்திக்கொண்டு பாய்ந்து அண்ணையை வெளியே தூக்கிப்போட்டார். அண்ணைக்கு முகம் நீலம் பாய்ந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் இருமினார். கண்ணைத் திறந்து, மார்போடு அணைத்திருந்த படத்தைப் பார்த்தார். கண்ணாடி உடையவில்லை.

எங்கள் எல்லோருக்கும் காது இரைந்துகொண்டிருந்தது. ஒருவரோடொருவர் கத்திக் கதைத்தோம். இவர் விறாந்தையில் இருந்து, ஒரு கையால் தலையைத் தாங்கிக்கொண்டு, கூரையிலிருந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்வரிசைக் கதிரைகளுக்கு மேல் கூரைத் துண்டுகள் கத்தி மாதிரிக் குத்தி நின்றன. பெரிய டொக்டர் தன் கதிரையைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

பிளாஸ்க் போனது. அதிலிருந்த காளை விந்து முழுவதும் போனது. கொழும்பிலிருந்து இரண்டு அதிகாரிகள் விசாரணைக்கு வந்தார்கள். நான் சுருக்கெழுத்து எடுக்க அந்த அறையில் இருந்தேன். அதற்கு முன் பெரிய டொக்டர் இவரை என் மேசைக்குப் பக்கத்தில் நிறுத்தி, குரலைத் தணித்துச் சொன்னார்: "பியோன் கேக்காமல் கட்டினவர் எண்டு சொல்லும். அந்தாளுக்கு ரெண்டு வருஷத்தில பென்சன், பெரிசா ஒண்டும் செய்யமாட்டினம். நீர் சின்னப் பிள்ளை, உம்மட வேலையைப் பாரும்." அவர் கெட்ட எண்ணத்தோடு சொன்னதாக நான் நினைக்கவில்லை.

உள்ளே அதிகாரி கேட்டார்: "ஈரத் துணி கட்டியிருந்தது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். கட்டேக்கை பாத்துக்கொண்டு நிண்டனான். வடிவாய் இருக்கு எண்டும் சொன்னனான்."

"கழுத்தை அடைக்கக் கூடாது என்று தெரியாதா?"

"அது தெரியும். துணி அடைக்கும் எண்டு தெரியாது. துணிக்குள்ளால காத்துப் போகும் எண்டு நினைச்சனான்."

"அப்ப இந்த விபத்துக்கு யார் பொறுப்பு?"

"பிளாஸ்க் என்ர பொறுப்பு. துடைக்கச் சொன்னனான், ஏன் துடைக்க வேணும் எண்டு அண்ணைக்குச் சொல்லேல்லை. சொல்லியிருந்தா ஈரத் துணி கட்டியிருக்கமாட்டார்."

அதிகாரி பேனாவை வைத்துவிட்டு, "ஒரு உத்தியோகத்தர் தனக்குத் தெரியாது என்று இப்படி விசாரணையில் சொல்லக் கூடாது" என்றார். புத்திமதி மாதிரித்தான் சொன்னார். இவர், "ஓம்" என்றார். ஆனால் சொன்னதை மாற்றவில்லை.

விசாரணைக்குப் பிறகு அவரை மாவட்டத்தின் தெற்கு எல்லையில், வெருகலுக்கு மாற்றினார்கள். ஆறும் முருகன் கோயிலும் வயலும் உள்ள இடம். கந்தோர் என்று ஒரு அறை. போகிற நாளில் சின்னத்தம்பி அண்ணை அவருடைய பெட்டியை பஸ் நிலையம் வரைக்கும் தலையில் சுமந்துகொண்டு போனார். பஸ் வெளிக்கிட்ட பிறகு அண்ணை அதே இடத்தில் நின்றார். நான்தான் கூட்டிக்கொண்டு வந்தேன்.

எண்பதாம் ஆண்டுக்குக் கிட்ட, அண்ணை காய்ச்சலில் படுத்து, ஆஸ்பத்திரியிலேயே இறந்துபோனார். அப்போது அவர் ஓய்வு பெற்றிருந்தார். பார்க்க ஆட்கள் இல்லாததால் கடைசி நாட்களில் நானும் சாரதியும் மாறி மாறிப் போய் இருந்தோம். அவருடைய நினைவு பெரும்பாலும் இவரைச் சுற்றியே இருந்தது. "டொக்டர் அம்மா சாப்பிட்டவவோ?" என்று கேட்பார். இவருக்குத் தந்தி அடித்தோம், போய்ச் சேரவில்லை. மழையில் அந்தப் பக்கத்துத் தெரு உடைந்திருந்தது. தண்ணீர் வற்றி பஸ் ஓடத் தொடங்கியதும், நேரில் சொல்வோம் என்று நானே வெருகலுக்குப் போனேன்.

அவர் ஒரு மாட்டுக்காரர் வீட்டு முற்றத்தில் இருந்தார். கொஞ்சம் மெலிந்திருந்தார், சேலை அதே மாதிரிச் செருகியிருந்தது. என்னைக் கண்டு எழும்பி வந்து கையைப் பிடித்தார். பாயை விரித்து இருவரும் இருந்தோம். எதிரில் ஒரு சின்னப் பிளாஸ்க். வீட்டுக்காரி அதன் கழுத்தில் காதை வைத்துக் குனிந்திருந்தாள்.

"என்ன சொல்லுது?" என்று இவர் உரத்துக் கேட்டார்.

"சோறு வடிச்ச பிறகு பானை இரையுற மாதிரி இருக்கு டொக்டர்" என்றாள் அவள், இவரைப் போலவே உரத்து.

"அப்ப சரி" என்றார் இவர். அவர் ஏன் தானே குனிந்து கேட்கவில்லை என்று நான் யோசிக்கவில்லை. வீட்டுக்காரி அந்தப் பக்கம் போனதும், அவருக்கு இடது பக்கத்தில் இருந்தபடி, தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன். அண்ணை காய்ச்சலில் விழுந்தது, ஆஸ்பத்திரி, கடைசி வரைக்கும் அவரை விசாரித்தது, நாங்கள் கொள்ளி வைத்தது எல்லாம்.

சொல்லி முடித்து நிமிர்ந்தேன். அவர் மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. "நல்ல சாதிக் கன்று போடும் போல இருக்கு" என்றார்.

இவ்வளவு கல் நெஞ்சா என்று நினைத்தேன். எழும்பிப் போய்விடலாம் என்றுகூட நினைத்தேன். "மிஸ், நான் சொன்னது கேட்டதோ?" என்று அவர் தோளைத் தொட்டேன்.

அவர் திரும்பி என் வாயைப் பார்த்தார். பிறகுதான் விளங்கியது போலத் தன் இடக் காதைத் தொட்டுக் காட்டினார். "இந்தப் பக்கம் ஒண்டும் கேக்காது. நீர் ஏதும் சொன்னீரோ?"

"எப்ப இருந்து?"

"அண்டைக்கு வெடிச்சதில இருந்து."

"ஏன் மிஸ் விசாரணையில சொல்லேல்லை?"

"அவை அதைக் கேக்கேல்லை" என்றார். பிறகு பாயில் தன் வலது பக்கத்தைத் தட்டிக் காட்டினார். "இஞ்சால வந்து இரும். நல்லதோ, கெட்டதோ?"

நான் எழும்பி அவருடைய வலது பக்கம் போய் இருந்தேன். கையைப் பிடித்துக்கொண்டேன். அண்ணையின் காய்ச்சலில் இருந்து மறுபடியும் சொல்லத் தொடங்கினேன்.